ஆளை எண்ணப்படாது

லாபம்

நான் பிழைப்பு நடத்துவதே எண்ணித்தான். ஃபின்லாந்தின் வடக்கே ஔலு என்னும் ஊரில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளராக இருக்கிறேன். மழையோ பனியோ, குழந்தைகளைக் காட்டுக்கு அழைத்துப் போவது இந்த நாட்டு வழக்கம். கிளம்பும்போது எண்ண வேண்டும், போய்ச் சேர்ந்ததும் எண்ண வேண்டும், யாராவது மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்தால் மறுபடி எண்ண வேண்டும். மஞ்சள் மேலங்கி போட்ட ஒவ்வொரு உருவத்தையும் விரலால் சுட்டி, எல்லார் காதிலும் விழும்படி எண்ணுவோம்.

பல வருஷப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தடவை திருவனந்தபுரம் போய்வந்ததிலிருந்து எனக்கு எண்ணி முடிக்கவே பயமாக இருக்கிறது. சரியாக வந்தாலும் நம்பிக்கை வருவதில்லை, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன வாரம் கூட வேலை செய்யும் பெண் கேட்டேவிட்டாள், நீ எண்ணி முடிப்பதற்குள் இதுகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போய்விடும் போலிருக்கிறதே என்று. நானும் சிரித்து வைத்தேன். சிரித்தபடியே முதல் மேலங்கியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.

இந்தப் பகுதிக்கு ஒன்று என்று போடாமல் லாபம் என்று போட்டிருப்பது என் அத்தைக்காக. அப்பாவின் தங்கை. மாமா போனதிலிருந்து திருவனந்தபுரம் கரமனையில் அப்பா வீட்டோடுதான் இருக்கிறாள். அரிசி அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டாள். லாபம், இரண்டு, மூன்று என்றுதான் அவள் கணக்கு ஓடும். அது நிறைய வீடுகளில் உண்டு. ஆனால் அவளுடைய இன்னொரு சட்டம் இன்னும் கடுமையானது. ஆளை எண்ணக்கூடாது. எண்ணினால் கண் படும், எண்ணிக்கையில் ஒன்று குறையும். கல்யாணமோ காரியமோ, எத்தனை பேர் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளிடம் கேட்டால் எத்தனை இலை போட்டிருக்கிறது என்று பதில் வரும். இலை எண்ணலாம், மணை எண்ணலாம், டம்ளர் எண்ணலாம். உயிரை எண்ணக்கூடாது. அவள் சட்டம் நடக்கும் வீட்டில் வளர்ந்த நான் இன்னொருவர் பெற்ற பிள்ளைகளை விரல் நீட்டி எண்ணிச் சம்பளம் வாங்குகிறேன் என்பதை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

2

ஃபின்னிஷ் வகுப்பில் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. தாலோ என்றால் வீடு, தாலோஸ்ஸா என்றால் வீட்டில். சொல்லின் வாலில் உருபு ஒட்டுகிற பாஷை. தமிழ் பேசுகிறவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைத்தேன். அப்புறம் எண்கள் வந்தன, திமிர் இறங்கியது.

நாம் இரண்டு வீட்டில் என்று சொன்னால் உருபு வீட்டோடு நின்றுவிடும். இரண்டு தன்பாட்டுக்கு இரண்டாகவே இருக்கும். அங்கே எண்ணுக்கும் வால் முளைக்கும். கஹ்தெஸ்ஸா தாலோஸ்ஸா, அதாவது இரண்டில் வீட்டில். சாதாரணமாகக் கக்ஸி என்று இருக்கிற இரண்டு, உருபு ஒட்டியதும் அடையாளம் தெரியாமல் உள்ளேயே மாறிப்போகும். நீளமான எண்ணாக இருந்தால் அதன் ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி வால். வாயைத் திறக்கும்முன் மனசுக்குள் தைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். முதல் வருஷம் முழுக்கக் கடையிலும் பஸ்ஸிலும் விரலைக் காட்டியே ஒப்பேற்றினேன்.

ஆறுதலும் கொஞ்சம் இருந்தது. கொல்மே லஸ்தா துலே என்றால் மூன்று குழந்தைகள் வருகிறார்கள் என்று அர்த்தம். எண்ணைச் சொல்லியாகிவிட்டதால் குழந்தைக்குப் பன்மை வேண்டாம், வினைக்கும் வேண்டாம். மூணு கொழந்தை வரது என்று அத்தை சொல்வாளே, கிட்டத்தட்ட அதேதான். இன்னொன்று. அவர்களுடைய எட்டுக்குள் இரண்டும் ஒன்பதுக்குள் ஒன்றும் ஒளிந்திருக்கின்றன. பத்துக்கு இரண்டு குறைவு, பத்துக்கு ஒன்று குறைவு. நம் ஒன்பதும் அப்படிப்பட்டதுதான் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த நான் இதை ஃபின்லாந்துக்கு வந்து தெரிந்துகொண்டேன். நான் வாய்ப்பாடு சொல்வது மலையாளத்தில், அரிசி அளப்பது தமிழில், போன் நம்பர் சொல்வது இங்கிலீஷில், குழந்தைகளை எண்ணுவது ஃபின்னிஷில். எதில் கனவு காண்கிறாய் என்று யாராவது கேட்டால் முழிப்பேன்.

அம்மா போன சில வாரங்களில் வெளிநாட்டினருக்கான அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அப்பாவை இங்கே அழைத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பதற்கு. வரிசையில் ஸெயித்ஸெமான்தெனா இருக்கிறீர்கள் என்றது இயந்திரம். ஏழாவதாக. நம் ‘ஆக’வுக்கு அவர்களுடைய ‘னா’. இதைப் புரிந்துகொண்ட பெருமையில் காத்திருந்தேன். கடைசியில் எடுத்த பெண் தன்மையாகத்தான் பேசினாள். குடும்பத்தில் எத்தனை பேர் என்றாள். நாலு என்றேன். யார் யார் என்றாள். சொன்னேன். குடும்பம் என்றால் கணவன், மனைவி, வயது வராத பிள்ளை, அவ்வளவுதான் என்று விளக்கினாள். வளர்ந்தவர்களின் பெற்றோர் அதில் வரமாட்டார்கள், வேறு வழி இருக்கிறது, ஆனால் அதில் கிடைப்பது அபூர்வம். ஆகவே நீங்கள் மூன்று பேர் என்று எனக்காக நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் எண்ணைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

ஒன்று என்ற சொல்லிலிருந்தே அங்கே தனியாக என்ற சொல் வருகிறது. யூக்ஸி ஒன்று, யூக்ஸின் தனியாக. இருவருமாக, மூவருமாக என்பதற்கும் அதே அச்சில் சொற்கள் உண்டு. அன்று போனை வைத்தபின் நாங்கள் மூவருமாகச் சாப்பிட்டோம்.

3

அம்மாவின் வருஷாப்தீகத்துக்குத்தான் இந்தத் தடவை போனோம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, நானும் மகள் மீராவும் மட்டும். மீராவுக்குப் பத்து வயது. தமிழ் புரியும், பேசினால் எல்லாச் சொல்லுக்கும் முதல் எழுத்தில் அழுத்தம் விழும். கோபத்தையும் கணக்கையும் ஃபின்னிஷில்தான் வைத்துக்கொள்கிறாள்.

நான் ஒரே பெண் என்பதால் அப்பாவே உட்கார்ந்து காரியம் செய்தார். மடி குலையாமல், வாத்தியார் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிச் சொன்னார். நடுவில் மட்டும் ஒருமுறை கையில் எள்ளோடு நிமிர்ந்து, இது யாருக்கு என்று கேட்டார். வாத்தியார் அம்மா பெயரைச் சொன்னார். ஓ, கோமதிக்கா என்று தலையாட்டிவிட்டு எள்ளை விட்டார். கூடத்தில் இருந்த ஒருவருக்கும் காது கேட்கவில்லை போலிருந்தது. போனில் ஒரே கேள்வியை அப்பா திரும்பத் திரும்பக் கேட்கும்போதெல்லாம் லைன் சரியில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு வந்தேன். அன்றைக்கு நடுவில் லைன் எதுவும் இல்லை.

பிற்பாடு சமையலறையில் அத்தையிடம் மெல்ல ஆரம்பித்தேன். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே, தூக்கம் கெட்டுப்போனதுதான் காரணம் என்றாள். டாக்டர் என்ற சொல்லை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

“ஒண்ணுமில்லாத்ததுக்குப் பேர் வச்சா அது வந்து உக்காந்துக்கும். ஸாரமில்லை, விடு.”

எண்ணினால் குறையும், பேர் வைத்தால் வரும். அந்த வீட்டில் பயத்துக்கு இருந்த மருந்து அவ்வளவுதான். என்னிடமும் அதைவிட நல்ல மருந்து இருக்கவில்லை. இன்னும் பத்து நாளில் திரும்பப் போகிறவள் அதிகம் பேச முடியாது.

காரியத்துக்கு வந்த உறவுக்காரர்கள் சிலர் ஊருக்குத் திரும்பாமல் இருந்தார்கள். வருஷம் கழிந்தாயிற்று, அப்பாவுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்று அத்தைதான் பொன்முடி மலைக்கு வேன் ஏற்பாடு செய்தாள். காலையில் எல்லோரும் ஏறியதும் மீரா படிக்கட்டில் நின்றுகொண்டு, பள்ளிச் சுற்றுலாவில் செய்வதுபோல, விரலை நீட்டி யூக்ஸி, கக்ஸி, கொல்மே என்று ஆரம்பித்தாள். பாஷை தெரியாவிட்டாலும் அத்தைக்கு விரலின் பாஷை தெரியும். எட்டி அந்த விரலைப் பிடித்து மடக்கினாள்.

“ஆளை எண்ணப்படாது கண்ணா. கண்ணு படும். ஆடு மாட்டைத்தான் எண்ணுவா.”

மீரா என்னைப் பார்த்தாள். எண்ணாவிட்டால் யாராவது தொலைந்துபோனால் எப்படித் தெரியும் என்று ஃபின்னிஷில் கேட்டாள். நியாயமான கேள்வி. என் வேலையே அந்தக் கேள்விதான். நான் சிரித்துக்கொண்டே, இங்கே யாரும் தொலையமாட்டார்கள், ஒருவர் நகர்ந்தால் பத்துக் கை பிடித்து இழுக்கும் என்றேன். அத்தை சந்தோஷப்பட வேண்டும் என்பதற்காக அதையே தமிழிலும் சொன்னேன். வேன் கிளம்பியது.

4

மேலே போகும்போது நல்ல வெயில். கொண்டைஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நம்பர் பலகை இருந்தது. மீரா அவற்றைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தாள், பலகையை எண்ணுவதற்கு யாரும் தடை சொல்லவில்லை. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி வந்தார். இலைப் பொட்டலத்தில் கொண்டுபோன புளியோதரையைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிளாஸ்கிலிருந்து காப்பி. அத்தை கடையில் காகித டம்ளர் வாங்கவிட மாட்டாள், வீட்டு எவர்சில்வர் டம்ளர்கள் எங்கே போனாலும் கூட வரும்.

காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனியாக மஞ்சு இறங்கியது. முதலில் எதிர்ச்சரிவு போயிற்று, அப்புறம் கைப்பிடிக் கம்பி, அப்புறம் வேனின் பின்பக்கம். இருட்டும்முன் வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். ஸ்வெட்டர், செருப்பு, மிச்சம் மீதி என்று எல்லோரும் முண்டியடித்து ஏறினோம். அத்தை கடைசியாக ஏறி, பையைத் திறந்து டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். வாய் முணுமுணுத்தது. முகம் தெளிந்தது.

“டம்ளர் எல்லாம் செரியா இருக்கு. போலாம்.”

எங்கள் குடும்பத்தில் அதற்கு எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். கல்யாணச் சத்திரங்களில், ரயிலடிகளில், கோவில் வாசல்களில் இப்படியேதான் கிளம்பியிருக்கிறோம். டம்ளர் வந்தால் ஆள் வந்த மாதிரி. நானும் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தலையைச் சாய்த்தேன்.

சில வளைவுகள் இறங்கியிருப்போம். பக்கத்தில் மீரா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பலகைகளைப் படிக்கவில்லை. வாந்தி வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அத்தை காதில் விழாதபடி என் தோளில் வாயை வைத்து, “ஆய்தி, மெய்தா ஒன் கக்ஸிதொய்ஸ்தா” என்றாள்.

அம்மா, நாம் பன்னிரண்டு பேர் இருக்கிறோம்.

ஃபின்னிஷ் எண்கள் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குள் சற்று நின்றுதான் இறங்கும். எண்ணாதே என்று சொன்னேனே என்று பழக்கத்தில் அதட்டினேன். அவள் கண்ணில் நீர் முட்டியது. காலையில் மனசுக்குள் எண்ணிவிட்டேன், அப்போது பதிமூன்று என்றாள். அப்போதுதான் எண் போய்ச் சேர்ந்தது. எழுந்து பார்த்தேன். முன்வரிசையில் ஜன்னலோரம் அப்பாவின் பையின் மேல் சுற்றி வைத்திருந்த மப்ளர், பின்னாலிருந்து பார்ப்பவருக்குத் தூங்குகிற ஆள் போலவே தெரிந்தது. அப்பா இல்லை.

வேனை நிறுத்துங்கள் என்று எந்தப் பாஷையில் கத்தினேன் என்று தெரியவில்லை. அப்பாவின் போனுக்கு அடித்தேன், அது அந்தப் பைக்குள் மணியடித்தது. அத்தை டம்ளர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, செரியாத்தானே இருந்துது, செரியாத்தானே இருந்துது என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அந்த இடத்தில் வேனைத் திருப்ப முடியாது என்றார் டிரைவர். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. இன்னும் கீழே அகலமான இடம் ஒன்று உண்டு, அங்கே போய்த்தான் திருப்ப முடியும். அப்பாவிடம் திரும்பிப் போவதற்காக அவரை விட்டு இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தோம். அந்த வளைவுகளில் நான் பட்ட பயம் மாதிரி என் ஆயுளில் வேறு இல்லை. தாண்டிப்போகிற ஒவ்வொரு பலகைக்கும் அப்பா ஒரு அடி சரிவை நோக்கி வைக்கிறார் என்று தோன்றியது. மீரா மட்டும், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இல்லையா, என்று கேட்டாள். அவளை அணைத்துக்கொண்டேன், அது அவளுக்காகவா எனக்காகவா என்று சொல்ல முடியாது.

5

மேலே போய்ச் சேர்ந்தபோது மஞ்சு இன்னும் கெட்டியாகியிருந்தது. மற்ற வண்டிகள் போய்விட்டன. டிரைவர் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம், நானும் மீராவும் காப்பி குடித்த இடத்தைத் தேடிக்கொண்டு போனோம். அப்பா என்று கூப்பிட்டேன். குரல் என் முகத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. அப்புறம் இன்னொரு குரல் கேட்டது. யாரோ நிதானமாக, வீட்டு வாசலில் நின்று உள்ளே கூப்பிடுவதுபோல, கோமதி, கோமதி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். காலில் செருப்பு இல்லை. வேட்டியின் ஓரம் நனைந்து கெண்டைக்காலில் ஒட்டியிருந்தது. அவருக்கு அப்பால் தரை எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பிடித்தால் பின்வாங்கிவிடுவாரோ என்று பயந்து, கம்பியைப் பற்றிக்கொண்டு மெல்ல நெருங்கி அவர் கையைப் பிடித்தேன்.

“எல்லாரும் ஏறியாச்சு, எண்ணிப் பாத்தேன். ஓராள் குறையறது. கோமதி வரலை” என்றார். என்னைக் குற்றம் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார். “அவளை விட்டுட்டு எப்படிப் போறது?”

அத்தையின் சட்டத்தை ஆயுள் முழுக்கக் காப்பாற்றிய மனிதர். எல்லோரும் டம்ளரை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் ஆளை எண்ணியிருக்கிறார். இரண்டு நாள் முன்னால் அம்மாவுக்குப் பிண்டம் வைத்த கையைத்தான் நான் இப்போது பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா இல்லை அப்பா, அவள் போய் ஒரு வருஷமாயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சரிவில், அந்த மஞ்சில், இரண்டாவது தடவையாக அவரிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மீரா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, அவளுடைய தமிழில், “தாத்தா, பதிமூணு பேர். சரியா இருக்கு” என்றாள்.

அப்பா அவளைக் கூர்ந்து பார்த்தார். “கோமதியைச் சேர்த்தா?”

மீரா என் முகத்தைப் பார்த்தாள். அவள் கணக்கில் பொய் சொல்லாத குழந்தை. நான்தான், சேர்த்துத்தான் அப்பா என்றேன். ஆகட்டும் என்று சொல்லிவிட்டுக் கம்பியைக் குனிந்து தாண்டி இந்தப் பக்கம் வந்தார். நடக்கும்போது என் கையை அவர் பிடித்திருந்தாரா, அவர் கையை நான் பிடித்திருந்தேனா, தெரியாது. விடவில்லை.

வேனில் அத்தை அவர் காலைத் தன் புடவையால் துடைத்துவிட்டாள். அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேன் மெதுவாக இறங்கத் தொடங்கியது. மப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டேன், சுற்றிக்கொள்ளக் கழுத்தை நீட்டிக் கொடுத்தார். முகத்தில் நல்ல அமைதி. வெளியே எதுவும் தெரியாத ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு வந்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். பஸ்ஸில் பக்கத்து ஸீட்டுக்காரரிடம் பேசும்போது அவர் எப்போதும் வைத்துக்கொள்ளும் மரியாதையான சிரிப்பு அது, எனக்கு நன்றாகத் தெரியும்.

“நீங்க எதுவரைக்கும் போறேள்?”

கரமனை வரைக்கும் என்றேன்.

“நாங்களும் அங்கதான்” என்று சொல்லி, நான் சௌகரியமாக உட்கார வேண்டும் என்று ஜன்னல் பக்கம் ஒடுங்கி இடம் விட்டார்.